கீட்டோவில் எடை குறையும்போது தோற்றம் மாறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீட்டோ உணவுமுறையில் ஒரு நாளைக்கு உண்ணும் மாவுச்சத்து 20 முதல் 50 கிராமுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பலர் கடைப்பிடிப்பதும் ஏறக்குறைய இதே முறைதான். எடை குறையும் என்று தெரிந்துதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். ஆனால் கன்னம் ஒட்டுவது, முடி கொட்டுவது, முதுகில் தடிப்பு வருவது பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் எடை குறையும் வேகமும் புரதம், உப்பு ஆகியவற்றின் பற்றாக்குறையும்தான். எது தானாகச் சரியாகும், எதற்கு உணவை மாற்ற வேண்டும், எதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் வீண் பயமும் இருக்காது, ஆபத்தான அலட்சியமும் இருக்காது.

முதல் வாரத்திலேயே 3 கிலோ குறைந்து முகம் சுருங்கிவிட்டது. அவ்வளவும் கொழுப்பா?

இல்லை, பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் (உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரை) சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறிவிடும். அதோடு இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். காலையில் எழும்போது இருந்த முக உப்பசம் காணாமல் போவதும், மோதிரம் கழலுவதும், செருப்பு லூசாவதும் இதனால்தான்.

அதே உப்பிழப்பு அளவு மீறினால் கண் குழி விழும், உதடு வெடிக்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். பார்ப்பவர்களுக்கு நோயாளி போலத் தெரிவீர்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு, சமையலில் சேரும் உப்பு போக, அரை டீஸ்பூன் உப்பு போட்ட எலும்பு சூப்போ எலுமிச்சைத் தண்ணீரோ தினமும் ஒன்றிரண்டு டம்ளர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது உப்பை இன்னும் நீர்க்கச் செய்யும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் இதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. எடை குறையும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். அப்போது மாத்திரையின் அளவையே டாக்டர் குறைக்க வேண்டியிருக்கலாம்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் “என்ன, சுகர் வந்துடுச்சா?” என்று கேட்கிறார்கள். கன்னம் ஒட்டி வயசான மாதிரி ஆகிவிட்டேனே?

நம் ஊரில் இளைத்தவரைக் கண்டதும் எழும் முதல் கேள்வி இதுதான், அதனால் மனம் நோவது இயல்பு. முகத்தில் கொழுப்பு ஒரே படலமாக இல்லை. நெற்றிப்பொட்டு, கண்ணுக்குக் கீழ், கன்னம், தாடை எனத் தனித்தனித் திட்டுகளாக இருக்கிறது. இடுப்பில் 5 கிலோ குறைந்தாலும் சட்டை மறைத்துவிடும். கன்னத்தில் சில கிராம் குறைந்தாலே எல்லார் கண்ணிலும் படும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால் மூக்கோரக் கோடும் கண்ணடிக் குழியும் சட்டெனத் தெரியும்.

எடை ஒரு நிலைக்கு வந்து, உடம்பின் தேவைக்குத் தக்கபடி சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் முகத்தில் ஓரளவு தெளிச்சி திரும்பும். முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. மசாஜ், முகப் பயிற்சி, எண்ணெய் எதுவும் போன கொழுப்பைக் கொண்டுவராது.

இன்னொன்று: செல்ஃபியை வைத்து முகத்தை மதிப்பிடாதீர்கள். கேமரா முகத்துக்கு மிக அருகில் இருக்கும்போது மூக்கு பெரிதாகவும் கன்னம் ஒடுங்கியும் பதிவாகும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஒரே வெளிச்சத்தில், மாதம் ஒருமுறை வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே சுகரோ வேறு நோயோ இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உணவைக் குறைக்காமலே எடை இறங்குவது, தீராத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், விடாத காய்ச்சல் அல்லது இருமல், படபடப்புடன் கை நடுக்கம், கழுத்தில் கட்டி ஆகியவற்றை உணவுமுறையின் கணக்கில் எழுதக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தைராய்டு, ரத்த அணுக்கள் எண்ணிக்கை ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுடன் கீட்டோவைச் சேர்த்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் குளுக்கோமீட்டர் 180 காட்டினாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வரலாம். டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளாமல் இவர்கள் தொடங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த உணவுமுறை வேண்டாம்.

எவ்வளவு வேகத்தில் குறைத்தால் தோற்றம் கெடாமல் இருக்கும்?

முதல் இரண்டு வாரத் தண்ணீர்க் கணக்கைத் தள்ளிவிட்டு, வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தால் போதும். வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் தசையும் சேர்ந்து கரையும். பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். தோள் சரிந்து, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் அப்படியே நிற்பது தசை கரைவதன் அடையாளம்.

தசையைக் காக்க இரண்டு வேண்டும்: புரதமும் பளுப்பயிற்சியும். உங்கள் உயரத்துக்குரிய எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கணக்கிடுங்கள். உரிய எடை 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். மூன்று முட்டையில் 18 கிராம், எலும்பில்லாத 150 கிராம் கோழியில் (பச்சை எடை) 30 கிராமுக்கு மேல், 100 கிராம் பனீரில் 18 கிராம், 30 கிராம் பாதாமில் 6 கிராம் என்று சேர்த்தால் தேவை நிறைவடைந்துவிடும். அசைவம் உண்ணாதவர்கள் 200 கிராம் பனீர், 50 கிராம் பாதாம், 30 கிராம் சோயா உருண்டை (உலர் எடை), ஒரு கிண்ணம் தயிர் என்று போனாலும் 70 கிராமுக்கு அருகில்தான் நிற்பார்கள். அவர்கள் திட்டமிட்டே சாப்பிட வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரத அளவை டாக்டரிடம்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலையில் 100 பாதாம் என்பது தமிழ் பேலியோ வட்டாரத்தில் பிரபலம். அது சுமார் 120 கிராம் வரும்: 25 கிராம் புரதம், 700 கலோரி, நார்ச்சத்து போக 11 கிராம் மாவுச்சத்து. பசி தாங்கும், கெட்டதில்லை. ஆனால் அதையும் பட்டர் டீயையும் வைத்தே இரண்டு வேளையை ஓட்டினால் கொழுப்புதான் நிறையும், புரதம் போதாது. முடியும் தசையும் அதற்கு விலை கொடுக்கும்.

மூன்றாவது மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. வழுக்கை விழுந்துவிடுமா?

விழாது. தலையில் 85 முதல் 90 சதவீத முடி வளரும் கட்டத்திலும் மீதி ஓய்வுக் கட்டத்திலும் இருக்கும். திடீர்க் கலோரிக் குறைப்பு போன்ற அதிர்ச்சி வரும்போது வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பகுதி ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி உதிர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதனால்தான் தொடங்கும்போது கொட்டாமல், எடை நன்றாகக் குறைந்து மகிழ்ந்திருக்கும் வேளையில் கொட்டுகிறது. டைபாய்டு, டெங்கு, பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகைதான். நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லாருக்கும் சாதாரணம். இந்தக் கட்டத்தில் அது 300 வரைகூடப் போகலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தலைக்குக் குளித்து ஒரு நாள் கழித்து, சுமார் 50 முடியை விரல்களுக்கிடையே பிடித்து வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். தலையின் நான்கைந்து இடங்களில் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு முடிக்கு மேல் கையோடு வந்தால் உதிர்வு மும்முரமாக இருக்கிறது என்று பொருள்.

காரணம் நீங்கினால் உதிர்வு மூன்று முதல் ஆறு மாதத்தில் அடங்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஓராண்டுகூட ஆகலாம். நெற்றியோரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் மீட்சி தொடங்கிவிட்டது என்று நம்பலாம்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் டி, பி12 ஆகியவற்றைப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருப்பது மாதவிடாய் உள்ள பெண்களிடம் மிகச் சாதாரணம். இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் பலருக்கு உதிர்வு நீள்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் சற்று இறங்குவதுண்டு. டிஎஸ்ஹெச் சரியாக இருக்கும்போது டி3 மட்டும் இறங்கியிருந்தால் அதைத் தைராய்டு நோய் என்று எண்ணி மாத்திரை தொடங்க வேண்டாம். வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, உச்சந்தலை வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனாலோ, அது வேறு பிரச்சினை. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பயோட்டின் மாத்திரை போட்டால் நிற்குமா?

பயோட்டின் குறைபாடு அரிது. முட்டையும் கொட்டைகளும் சாப்பிடுபவருக்கு அது குறைய வாய்ப்பு மிகக் குறைவு. அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டவைக்கும். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் குறைந்தது இரண்டு, மூன்று நாள் நிறுத்திவிட்டு, லேபில் சொல்லியும் விடுங்கள்.

முதுகிலும் நெஞ்சிலும் அரிப்போடு சிவந்த தடிப்பு. ஏன்?

கீட்டோ ராஷ் என்று பலரும் சொல்வது இதுதான். மருத்துவத்தில் இதற்குப் ப்ரூரிகோ பிக்மெண்டோசா என்று பெயர். ஜப்பானியத் தோல் மருத்துவர் நாகாஷிமா 1971இல் முதலில் விவரித்தார். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் கீட்டோன் ஏறுவதோடு தொடர்புடையது. பட்டினி, நீண்ட விரதம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவற்றிலும் வரும். தொடங்கிய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள், முதுகு, நெஞ்சு, பிடரி ஆகிய இடங்களில், இரு பக்கமும் சமமாக, சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள் கடும் அரிப்போடு கிளம்பும். அடங்கும்போது வலைப்பின்னல் போன்ற கரும்பழுப்புத் தழும்பை விட்டுப் போகும். இந்த வலைத் தழும்புதான் முக்கிய அடையாளம்.

நம் வெப்பத்தில் இதை வேர்க்குரு என்றோ படர்தாமரை என்றோ எண்ணிவிடுவது எளிது. படர்தாமரை வளையமாக, ஓரம் மட்டும் சிவந்து பரவும். தொடை இடுக்கு, அக்குள், இடுப்பைச் சுற்றி அதிகம் வரும். சிரங்கு விரலிடுக்கில் இருக்கும், இரவில் அரிப்பு கூடும், வீட்டில் மற்றவருக்கும் ஒட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் எதையும் போடாதீர்கள். கீட்டோ தடிப்புக்கு அதனால் பெரிய பயன் இல்லை. படர்தாமரையாக இருந்தால் அது உருத்தெரியாமல் மாறி, பரவவும் செய்யும்.

மாவுச்சத்தை நாளைக்கு 100 கிராமுக்கு மேல் உயர்த்தினால் பெரும்பாலும் சில நாட்களில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதற்கு இரண்டு வேளையும் ஒவ்வொரு சிறு கிண்ணம் சோறும், கொஞ்சம் பருப்பும், ஒரு பழமும் போதும். அடங்காவிட்டால் தோல் மருத்துவர் டாக்சிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் தருவார். வியர்வையும் உராய்வும் அரிப்பைக் கூட்டும் என்பதால் தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். தழும்பு மங்கப் பல மாதம் ஆகும். நகத்தால் சொறிந்தால் இன்னும் நீளும். திரும்பக் கடும் கீட்டோவுக்குப் போனால் பலருக்கு மறுபடி வரும். அவர்களுக்கு 80 முதல் 100 கிராம் மாவுச்சத்துள்ள மிதமான உணவே ஏற்றது என்பது எங்கள் கருத்து.

கழுத்துக் கருப்பு மங்கிவருகிறது. நிஜமா, மனப்பிரமையா?

நிஜம்தான். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை அழுக்கால் வந்ததில்லை. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதால் வருவது. எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் போகாததற்குக் காரணமும் அதுவே. இன்சுலின் இறங்க இறங்க, சில மாதங்களில் தடிப்பு முதலில் மென்மையாகும், நிறம் பிறகு மங்கும். கூடவே இருக்கும் சின்னத் தொங்கு மருக்கள் தானாக விழாது. தொந்தரவாக இருந்தால் தோல் மருத்துவர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். நூல் கட்டி அறுக்காதீர்கள். முயற்சி இல்லாமலே எடை குறைந்து, அதே சமயம் இந்தக் கருமை புதிதாக உதடு, உள்ளங்கை வரை பரவினால் உடனே டாக்டரைப் பாருங்கள். அரிதாக அது உள்ளுறுப்புப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கும்.

பரு குறையும் என்றார்கள், எனக்குக் கூடிவிட்டதே?

பனீர், க்ரீம், சீஸ், வே புரதப் பவுடர் ஆகியவற்றின் அளவைப் பாருங்கள். சர்க்கரையை விட்டதால் பரு குறைபவர்கள் உண்டு. பால் பொருட்களைக் கூட்டியதால் கிளம்புபவர்களும் உண்டு. ஆறு வாரம் பால் பொருளை நிறுத்தி, முட்டை, மீன், கோழிக்கு மாறிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையா?

கண்ணின் வெள்ளை விழியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அது வெண்மையாகவே இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் மஞ்சளித்தால், கீரை, பூசணி, கேரட் ஆகியவற்றிலுள்ள கரோட்டின் தோலில் சேர்ந்திருக்கிறது. தீங்கில்லை, குறைத்தால் சில வாரங்களில் போகும். கண்ணும் மஞ்சளித்து, சிறுநீர் அடர்ந்து, சாப்பிட்டபின் வலது மேல்வயிற்றில் வலித்தால் பித்தக்கல்லாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போங்கள்.

கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் திட்டு வந்திருக்கிறது?

இது கொழுப்புப் படிவு. கீட்டோவில் சிலருக்கு, குறிப்பாக ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களுக்கு, எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக ஏறும். இறைச்சி, சீஸ், வெண்ணெய் மட்டுமே எட்டு மாதம் உண்ட அமெரிக்கர் ஒருவருக்கு, மொத்தக் கொலஸ்ட்ரால் 1000ஐத் தாண்டி உள்ளங்கையிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் வந்ததை 2025இல் ஜாமா கார்டியாலஜி என்ற மருத்துவ இதழ் வெளியிட்டது. தொடங்கும் முன் ஒருமுறையும் மூன்றாம் மாதம் ஒருமுறையும் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை செய்யுங்கள். எல்டிஎல் 190ஐத் தொட்டால், “நல்ல கொழுப்புதான், ஒன்றும் ஆகாது” என்று யார் சொன்னாலும் கேட்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வயிற்றுத் தோல் தொங்குகிறது. க்ரீம், எண்ணெய் ஏதாவது?

எதுவும் பெரிதாக உதவாது. பல ஆண்டு இழுபட்ட தோல், பழைய பாவாடை எலாஸ்டிக் போல மீள்திறனை இழந்திருக்கும். எவ்வளவு மீளும் என்பது வயது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தீர்கள், எத்தனை கிலோ குறைந்தது, புகைப்பழக்கம், பிரசவங்கள் ஆகியவற்றைப் பொறுத்தது. 10 கிலோவுக்குள் என்றால் இளம் வயதினருக்குப் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். 30 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களுக்கு மடிப்பு மிஞ்சவே செய்யும். எடை நிலைத்தபின் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுவரை மெல்ல இறுகும். தொடை, கை, தோள் பகுதிகளில் வாரம் மூன்று நாள் பளுப்பயிற்சி செய்தால் தசை கொஞ்சம் இடத்தை நிரப்பும்.

மடிப்புக்கடியில் வியர்வை தங்கிச் சிவந்து புண்ணாவது கோடையில் அடிக்கடி நடக்கும். குளித்தபின் மெல்லிய துணியால் ஒற்றி முழுக்கக் காயவிடுங்கள். திரும்பத் திரும்பப் பூஞ்சைத் தொற்று வந்தால் அறுவை சிகிச்சை பற்றிப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் பேசலாம். எடை ஆறு மாதமாவது மாறாமல் இருந்த பிறகுதான் செய்வார்கள். இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

ஆண்களுக்கு மார்பில் கொழுப்பு வடிந்தபின் காம்பின் கீழ் கெட்டியான வட்டு தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் சுரப்பித் திசு. எடை எவ்வளவு குறைந்தாலும் போகாது.

கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறது, நகத்தில் குறுக்கே பள்ளம்?

கையில் தெரிவது சிரைகள். மேலிருந்த கொழுப்பு குறைந்ததால் தெரிகின்றன, கவலை வேண்டாம். எல்லா நகத்திலும் ஒரே மட்டத்தில் குறுக்குப் பள்ளம் இருந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் வளர்ச்சி சற்று நின்றிருக்கிறது என்று பொருள். கைநகம் மாதம் 3 மில்லிமீட்டர் வளரும், பள்ளம் தானாக நுனிக்கு வந்துவிடும். நகம் கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்தைப் பாருங்கள்.

தராசு மூன்று வாரமாக அசையவில்லை, ஆனால் தொப்பை தளதளவென்று ஆகிவிட்டது. கொழுப்புச் செல்லில் தண்ணீர் நிரம்புகிறது என்கிறார்களே?

அதற்கு ஆதாரம் இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், உப்பு மிகுந்த சாப்பாடு, தூக்கக்குறைவு, மலச்சிக்கல் ஆகியவற்றால் 1 முதல் 2 கிலோ தண்ணீர் ஏறி இறங்கும். அது கொழுப்பு குறைவதை மறைக்கும். காலையில் கழிப்பறை போய் வந்தபின், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். இடுப்பு குறைகிறது என்றால் கொழுப்பு குறைகிறது. நான்கு வாரம் இரண்டுமே அசையாவிட்டால், நெய், வெண்ணெய், கொட்டைகளின் அளவை எடைபோட்டுப் பாருங்கள். பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிடாய் நின்றுபோனால், எடை குறைப்பை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்தில் ஒருநாள் விருந்து சாப்பிட்டேன். மறுநாள் முகம் ஊதி 2 கிலோ ஏறிவிட்டது. எல்லாம் வீணா?

2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவுக்கு மேல் சுமார் 15,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. காலியாக இருந்த கிளைக்கோஜன் நிரம்பி, தண்ணீரையும் உப்பையும் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். வழக்கமான உணவுக்குத் திரும்பினால் மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும். அதைச் சரிக்கட்ட மறுநாள் முழுப்பட்டினி கிடக்காதீர்கள். அது முடிக்கு இன்னொரு அதிர்ச்சி. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ குறைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. பல மாதம் கீட்டோவில் இருந்தபின் பாயசமும் வெல்லப் பொங்கலும் ஒரே இலையில் சாப்பிட்டால் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகம் ஏறும். அவர்கள் காய்கறி, பருப்பு, பனீர் வகைகளை முதலில் சாப்பிட்டு, இனிப்பில் இரண்டு வாயோடு நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொள்வது நல்லது.